பச்சை உடம்பும் வெறும் வயிறும்

பிள்ளை பெற்றவளின் வெறும் வயிற்றுக்கு எங்கள் வீடுகளில் எப்போதுமே போட்டி உண்டு. என் அம்மா காலத்தில் விடிந்ததும் முதலில் உள்ளே போனது லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம் எல்லாம் இடித்துச் சலித்து, கருப்பட்டிப் பாகில் நல்லெண்ணெய் விட்டுக் கிண்டி, நெல்லிக்காய் அளவு உருட்டி வாயில் போடுவார்கள். எழுபதுகளில் நான் தாதிப் பயிற்சிக்குப் போனபோது இரும்புச்சத்து மாத்திரை அந்த இடத்தைக் கேட்டு வந்திருந்தது. இப்போது என் மருமகளின் தலைமாட்டில் லெவோதைராக்ஸின் என்ற தைராய்டு மாத்திரை இருக்கிறது. தண்ணீரோடு விழுங்கிய பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை வேறெதுவும் சாப்பிடக்கூடாது என்பது அதன் நிபந்தனை.

"அத்தை, இது பால் வழியாப் பிள்ளைக்குப் போயிடாதா?" என்று அவள் கேட்டாள். டாக்டரிடமும் கேட்டிருக்கிறாள், அவர் பயமில்லை என்று சொல்லியும் மனம் ஒப்பவில்லை. நான் வேலை பார்த்த காலம் முழுக்கத் தாய்மார்கள் வெவ்வேறு மாத்திரைகளைக் காட்டி இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். தைராக்ஸினைப் பொறுத்தவரை பதில் சின்னது: போகும், மிக மிகக் கொஞ்சம், அதனால் பிள்ளைக்குக் கேடில்லை. தைராய்டு ஒழுங்காக வேலை செய்கிற எந்தத் தாயின் பாலிலும் அந்த ஹார்மோன் இம்மியளவு இருக்கத்தான் செய்கிறது. சுரப்பி தராததை மாத்திரை ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் போனால் கதை நீளும். அதில் ஒரு பங்கு சிங்கப்பூரின் தேக்காவைச் சுற்றியே நடந்தது.

சிராங்கூன் சாலைப் பக்கம் மாட்டுத் தொழுவங்கள் இருந்த காலம் என் தாத்தா தலைமுறைக்குத் தெரியும். கண்டாங் கெர்பாவ் என்ற பேரே அந்தத் தொழுவத்திலிருந்து வந்ததுதான்; பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்த வட்டாரத்தில் இருந்த பழைய மருத்துவமனை 1924 அக்டோபர் 1-ஆம் தேதி இலவசப் பிரசவ மருத்துவமனையாக மாறியது. தொடக்கத்தில் தாய்மார்களுக்கு 30 படுக்கைகள். கிங் எட்வர்டு VII மருத்துவக் கல்லூரியின் முதல் மகப்பேற்றுப் பேராசிரியர் ஜே. எஸ். இங்கிலிஷ் அதை நடத்தினார். அதுவரை வீட்டில் மருத்துவச்சி கையில் பெற்றவர்கள் மெல்ல மெல்லத்தான் அங்கே போகத் துணிந்தார்கள். துணிந்த பிறகு நிற்கவே இல்லை. 1966-இல் மட்டும் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் அங்கே பிறந்தன. நாளைக்கு நூற்றுக்கு மேல்! ஒரே இடத்தில் அதிகப் பிரசவம் பார்த்ததற்காக கின்னஸ் புத்தகத்தில் அது பத்தாண்டுக் காலம் இருந்தது. நடைபாதையில் கட்டில் போட்டுப் பிரசவம் பார்த்த கதையை எனக்கு மூத்த தாதி மிஸ்ஸிகள் சொல்லும்போது அதில் பெருமை பாதி, அலுப்பு பாதி இருக்கும். இடம் போதாததால் சுகப்பிரசவமானவர்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மருத்துவச்சிகள் வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஏற்பாடும் அந்தக் காலத்தில் இருந்தது. என்னைக் கேட்டால், அந்தக் கின்னஸ் பெருமையைவிட இந்த வீடு தேடிப் போன வேலைதான் பெரிது.

மாடுகள் போன இடத்தில் டின்பால் வந்தது. காப்பிக்கடையில் ஊற்றுகிற அதே இனிப்புக் கட்டிப்பால். அதைத் தண்ணீரில் கரைத்துப் பிள்ளைக்குக் கொடுத்தால் கொழுகொழுவென்று வளரும் என்று விற்றார்கள். தாதி உடை போட்ட பெண்கள் வீடு வீடாகப் போய் அதைச் சிபாரிசு செய்தார்கள். இதைக் கண்டு கொதித்தவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் பிறந்தவர், ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில் குவாஷியோர்கர் என்ற ஊட்டச்சத்துக் குறை நோயை உலக மருத்துவத்துக்கு எடுத்துச் சொன்னவர், 1936-இல் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரைக்குத் தலைப்பே 'பாலும் கொலையும்'. வைட்டமின் ஏ-யும் டி-யும் இல்லாத, சர்க்கரை மிகுந்த அந்தப் பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்று என்று விற்பதால் நேரும் சாவுகளைக் கொலை என்றே கொள்ளவேண்டும் என்று வணிகப் பெரும்புள்ளிகள் உட்கார்ந்திருந்த சபையில் சொன்னார். சபை நாகரிகம் பார்க்காமல் பேசுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் குறைவு; 1939-இல், ஒரு பெண், அந்தச் சபையில் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஜப்பானியர் ஆட்சியில் அவர் சாங்கியில் அடைக்கப்பட்டார். அந்தக் கைதிமுகாமில் பிறந்த 20 குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தன, 20-உம் பிழைத்தன என்று பிற்பாடு அவர் பதிவு செய்தார். டின் கிடைக்காத இடத்தில் தாய்மார்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. வழி இல்லாததே அங்கே நல்லதாகப் போயிற்று.

போர் முடிந்து டின் திரும்பி வந்தது, பிறகு அதைவிட மதிப்பான பால்மாவு வந்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பெண்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். 1968-இன் வேலைச் சட்டம் கொடுத்த மகப்பேற்று விடுப்பு எட்டு வாரம். அதில் நான்கு பிரசவத்துக்கு முன், நான்கு பின். பிறந்து ஒரு மாதமான பிள்ளையை விட்டுவிட்டு ஷிஃப்டுக்கு ஓடுகிறவளிடம் தாய்ப்பாலின் அருமையைப் பாடுவது எனக்கே கூச்சமாக இருக்கும். 1975-இல் தாய்ப்பாலூட்டும் தாய்மார்களே கூடி ஓர் ஆதரவுக் குழு தொடங்கினார்கள். 1979-இல் பால்மாவு விற்பனைக்கு இங்கே நெறிமுறை வகுத்தார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1981-இல்தான் வந்தது. ஆனால் வீட்டில் ஒரு பால்மாவு டின் எட்டும் தூரத்தில் இருக்கிறபோது, எந்தச் சந்தேகம் வந்தாலும் 'எதுக்கு வம்பு, பாலை நிறுத்திடு' என்று சொல்வது சுலபமாகிவிட்டது. மருந்தை நிறுத்தச் சொல்ல டாக்டர் வேண்டும். பாலை நிறுத்தச் சொல்ல யார் வேண்டுமானாலும் போதும்.

அந்தச் சந்தேகம் முழுக்க மூடத்தனம் என்றும் சொல்லமாட்டேன். சிங்கப்பூரில் அதற்கு ஒரு நியாயமான வேர் உண்டு. ஐம்பதுகளில் பிறந்த சில நாளிலேயே குழந்தைகள் மஞ்சள் காமாலை முற்றி மூளை பாதித்து இறந்தன. ஜி6பிடி என்ற நொதி குறைந்த பிள்ளைகள் அவை என்று தெரியவந்தது. பேராசிரியர் வோங் ஹொக் பூனும் மற்றவர்களும் இதைத் துருவியபோது, சில சீன மூலிகைகளும் துணிக்குள் போடும் அந்துருண்டையும் அந்தக் குழந்தைகளின் ரத்த அணுக்களை உடைப்பதைக் கண்டார்கள். அந்துருண்டை போட்டு மடித்து வைத்த பழைய பட்டுத் துண்டில் பிள்ளையைச் சுற்றும் வழக்கம் எங்கள் வீடுகளிலும் உண்டு. 1965 முதல் பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து ஜி6பிடி சோதிப்பது வழக்கமாயிற்று. 1978-இல் சீன மருந்தான ஹுவாங் லியானுக்கே தடை வந்தது. ஆகவே, பெற்றவள் சாப்பிடுவது பிள்ளையைப் பாதிக்கும் என்று எங்கள் தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தது மருத்துவமனைதான், பாட்டிகள் மட்டும் இல்லை. அந்தப் பாடத்தைச் சரியான மருந்தோடு நிறுத்தாமல் எல்லா மருந்துக்கும் நீட்டிக்கொண்டதுதான் கோளாறு.

தைராய்டு விஷயத்தில் அந்த நீட்டல் இன்னும் விநோதமானது. தைராய்டுக்கு மருந்து என்று சொன்னால் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வகை. சுரப்பி மந்தமானால் கொடுப்பது தைராக்ஸின். சுரப்பி தறிகெட்டு ஓடினால் அதை அடக்கக் கொடுப்பது கார்பிமசோல், புரோபைல்தையோயுரேசில் போன்றவை. இரண்டுக்கும் வரலாறு வேறு, பாலோடு உள்ள கணக்கும் வேறு.

தைராக்ஸின் கதை ஆட்டிலிருந்து தொடங்குகிறது. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்ற இளம் டாக்டர், முகம் வீங்கி, பேச்சு குழறி, குளிரில் நடுங்கிக் கிடந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் ஏற்றினார். அவள் எழுந்து நடமாடினாள். 74 வயதுவரை வாழ்ந்தாள். அவளுக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி தேவைப்பட்டதாம். அடுத்த வருடமே ஊசி வேண்டாம், சுரப்பியை லேசாக வறுத்து ஜெல்லியோடு சாப்பிட்டாலே போதும் என்று இன்னொரு டாக்டர் எழுதினார். ஆட்டு ஈரலையும் சுவரொட்டியையும் பிள்ளை பெற்றவளுக்கு மிளகு போட்டு வதக்கிக் கொடுக்கிற நமக்கு இது பெரிய அதிசயமாகத் தோன்றாது. 1914 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எட்வர்ட் கெண்டல் பன்றிச் சுரப்பியிலிருந்து தைராக்ஸினைப் பிரித்தெடுத்தார். 1927-இல் பிரிட்டனில் ஹாரிங்டனும் பார்ஜரும் அதைச் சோதனைச்சாலையில் செய்து காட்டினார்கள். ஐம்பதுகளில் சோடியம் உப்பாக மாத்திரை வந்தபிறகுதான் ஆடு பன்றிகளுக்கு விடுதலை. நம் உடம்பு செய்வதும் டப்பாவில் இருப்பதும் ஒரே பொருள்.

அடக்கும் மருந்துகள் நாற்பதுகளில் வரத் தொடங்கின. 1943-இல் ஆஸ்ட்வுட் என்ற டாக்டர் தையோயுரேசில் வகையை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மறுவருடம், 1944-இல், அமெரிக்காவில் ஒரு குழு இரண்டே இரண்டு தாய்மார்களின் பாலைச் சோதித்தது. ரத்தத்தில் இருப்பதைவிடப் பாலில் அந்த மருந்து அதிகம் என்று வந்தது. அவ்வளவுதான் ஆதாரம். அதை வைத்து இந்த வகை மருந்து சாப்பிடுகிறவள் பாலூட்டக்கூடாது என்ற எச்சரிக்கை பாடப்புத்தகங்களில் ஏறி, முப்பது வருடத்துக்கு மேல் இறங்கவே இல்லை. 1980-இல் டென்மார்க்கில் காம்ப்மன் குழு புரோபைல்தையோயுரேசிலை அளந்து, பாலுக்குப் போவது மிக அற்பம் என்று காட்டியது. பிறகு தெஹ்ரானில் அசீஸி என்ற டாக்டர், இன்னொரு அடக்கும் மருந்தான மெத்திமசோல் சாப்பிட்ட தாய்மார்களின் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து, அவர்கள் நன்றாகவே வளர்கிறார்கள் என்று எழுதினார். இன்று அந்த மருந்துகளையும் குறைந்த அளவில், கண்காணிப்போடு, பாலூட்டிக்கொண்டே சாப்பிடலாம் என்பதே வழிகாட்டுதல். கதிரியக்க அயோடின் சிகிச்சை மட்டும் வேறு. அதற்கு முன்பே பாலை நிறுத்தியாக வேண்டும், அந்தப் பிள்ளைக்கு மறுபடி தொடங்கவும் கூடாது.

இரண்டு பெண்களை வைத்து 1944-இல் செய்த சோதனையின் நிழல், அந்த மருந்தையே தொடாத, தைராக்ஸின் மட்டும் சாப்பிடுகிற தாய்மார்கள் மேல் விழுந்ததைத்தான் நான் வேலைக்காலத்தில் பார்த்தேன். 'தைராய்டு மாத்திரையா, அப்ப பால் வேணாம்' என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருப்பாள், மருந்துக்கடையில் யாரோ சொல்லியிருப்பார்கள். சில பெண்கள் பாலை விடமனமில்லாமல் மாத்திரையை விட்டுவிடுவார்கள். அது அதைவிட மோசம். ஹார்மோன் குறைந்தால் உடம்பு சோர்வதோடு பாலும் குறையும். பால் குறைந்ததும் தேக்கா சந்தையில் பால்சுறா வாங்கிப் புட்டு செய்வார்கள், பூண்டை நல்லெண்ணெயில் வதக்குவார்கள், வெந்தயக் கஞ்சி காய்ச்சுவார்கள். சுறாப்புட்டு எனக்கும் பிடிக்கும். ஆனால் தைராக்ஸின் செய்யவேண்டிய வேலையைச் சுறா செய்யாது.

விநோதம் என்னவென்றால், எழுபதுகளின் கடைசியில் மருத்துவ உலகில் நேரெதிர் வாதமும் நடந்தது. தைராய்டு இல்லாமல் பிறந்த பிள்ளையைத் தாய்ப்பாலில் உள்ள ஹார்மோனே காப்பாற்றுகிறது என்று 1978-இல் அமெரிக்காவில் சிலர் எழுதினார்கள். அளந்து பார்த்ததில் பாலில் உள்ளது அதற்குப் போதவே போதாது என்று பிறகு தெளிவாயிற்று. கெடுப்பதற்கும் போதாது, காப்பதற்கும் போதாது. அந்த அளவுதான் பாலில் இருப்பது. குறையோடு பிறக்கும் பிள்ளைகளைக் காப்பாற்றியது சோதனைதான். சிங்கப்பூரில் 1990 முதல், ஜி6பிடிக்காக எடுத்துவந்த அதே தொப்புள்கொடி ரத்தத்தில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச்-ஐயும் பார்க்கிறார்கள். ஏறத்தாழ மூவாயிரம், மூவாயிரத்தைந்நூறு குழந்தைகளுக்கு ஒன்று அதில் அகப்படுகிறது. உடனே மருந்து தொடங்கினால் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகள்போல் படித்து வளரும். தொடங்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்த பழைய மிஸ்ஸிகள் அதைப்பற்றி அதிகம் பேசமாட்டார்கள்.

பிள்ளையின் சுரப்பியைப் பிறந்த நிமிடமே சோதிக்கிறோம். தாயின் சுரப்பிதான் வெகுகாலம் யார் கண்ணிலும் படவில்லை. பச்சை உடம்பு என்றால் அசதி இருக்கும், முடி கொட்டும், குளிரெடுக்கும், அழுகை வரும் என்று விட்டுவிடுவோம். 1948-இல் நியூசிலாந்தில் ராபர்ட்டன் என்ற டாக்டர் அப்படி விடவில்லை. பிரசவத்துக்குப் பின் சோர்ந்து, குளிர்ந்து, முடி உதிர்ந்த பெண்களுக்குத் தைராய்டுச் சாறு கொடுத்துப் பார்த்துப் பலன் கிடைத்ததை பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1982-இல் ஜப்பானில் நொபுயுகி அமினோ, பிரசவித்த 507 பெண்களைச் சோதித்து, 28 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஐந்தரைப் பேருக்கு, சுரப்பி தடுமாறுவதைக் காட்டியபின்தான் அது ஒரு நோயாயிற்று.

இந்த நோய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. முதலில் சில வாரம் சுரப்பி அதிகம் கொட்டும்: படபடப்பு, தூக்கமின்மை, இளைப்பு. பிறகு நான்காம் மாதத்திலிருந்து எட்டாம் மாதம் வரையில் எப்போதாவது சரிந்து மந்தமாகும். பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகச் சீராகும், சிலருக்கு நிரந்தரமாகவே தங்கிவிடும். நம் பத்தியம் நாற்பது நாளில் முடிகிறது. மருத்துவமனையின் பிரசவப் பின்சோதனை ஆறாவது வாரத்தில் முடிகிறது. 2008-இலிருந்து கிடைக்கும் 16 வார விடுப்பும் அதற்குள் தீர்ந்துபோகிறது. அம்மா ஊருக்குத் திரும்பியிருப்பாள், லேகிய டப்பா காலியாகியிருக்கும். எல்லோரும் கலைந்துபோன பிறகுதான் நோய் கதவைத் தட்டுகிறது. ஐந்தாம் மாதம் எம்ஆர்டியில் நின்றபடியே தூங்கிவிழுகிறவளைப் பார்த்து 'வேலைக்குப் போறா, பிள்ளையும் பார்க்கிறா, இருக்கத்தானே செய்யும்' என்றுதான் வீட்டில் சொல்வோம். பலதுறை மருந்தகத்தில் ஒரு ரத்தச் சோதனை கேட்கவேண்டும் என்று தோன்றுவதில்லை.

என் மருமகளுக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை. அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பே சுரப்பி மந்தம். வயிற்றில் பிள்ளை இருந்தபோது அளவைக் கூட்டினார்கள், ஏனென்றால் கருவுற்ற உடம்புக்குக் கால்பங்கு முதல் பாதி வரை அதிகம் வேண்டியிருக்கும். பெற்றதும் பழைய அளவுக்கு இறக்கி, ஆறு வாரம் கழித்து டிஎஸ்எச் பார்க்கவேண்டும். இறக்காமலே தொடர்ந்தால் இதயம் படபடக்கும். பால் அதற்குக் காரணமென்று பழி விழும்.

மிச்சம் இருந்தது காலை வயிற்றுச் சண்டைதான். அவள் அம்மா திருச்சியிலிருந்து லேகியத்தோடு வந்திருந்தார், மருத்துவமனை இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் கொடுத்திருந்தது. இரும்பும் சுண்ணாம்பும் தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். காப்பியும் அதை உறிஞ்சவிடாது. சம்பந்தியம்மாவிடம் லேகியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அந்த ஓமவாசனை இல்லாத பிரசவ வீடு வீடாகவே தோன்றாது. பிள்ளை எப்படியும் விடியற்காலை நாலரை மணிக்குப் பாலுக்கு அழும். அந்த நேரத்தில் தண்ணீர்ப் போத்தலும் தைராக்ஸினும். ஆறு மணிக்கு லேகியம், அதற்குப்பிறகு காப்பி. மதியச் சாப்பாட்டோடு இரும்பு, ராத்திரி சுண்ணாம்பு. "அப்ப என் மருந்துக்கு ரெண்டாவது இடமா?" என்று சம்பந்தியம்மா கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனாலும் கேட்டார்.

பால் வழியாகப் போகுமா என்ற கேள்விக்கு மருமகள் கடைசியில் ஒப்புக்கொண்டது என் விளக்கத்தால் இல்லை. பழைய பிரசவ மருத்துவமனை 1997-இல் தேக்காவுக்கு எதிரே புக்கிட் தீமா சாலையின் புதுக் கட்டடத்துக்குப் போனது. அங்கே 2017-இல் ஒரு தாய்ப்பால் வங்கி தொடங்கினார்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு மற்றத் தாய்மார்கள் தரும் பாலைப் பதப்படுத்திக் கொடுப்பதற்காக. உலகில் பாலைப்பற்றி இத்தகைய வங்கிகளைவிடக் கறாராக இருப்பவர்கள் கிடையாது. புகைப்பவளின் பால் வேண்டாம், பெரும்பாலான மருந்து சாப்பிடுகிறவளின் பால் வேண்டாம் என்று பட்டியல் நீளும். இந்த வங்கிகளைப்பற்றிப் படிக்க உட்கார்ந்தபோது வட அமெரிக்கப் பால் வங்கிகளின் விதிகள் அவள் கண்ணில் பட்டன. தைராக்ஸின் ஈடுமருந்தாகச் சாப்பிடும் தாயின் பாலை அவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள், ஒரு கிலோகூட எடையில்லாத பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு.